எங்க வீட்டுக்கு வந்துடறியா?

நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை கொஞ்சம் மூக்கும் முழியுமாக இருந்தால் போதும், கன்னத்தைக் கிள்ளி, "எங்க வீட்டுக்கு வந்துடறியாடி தங்கம்?" என்று கேட்பார்கள். பிள்ளை ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளை ஒளிந்துகொண்டால்தான் அது விளையாட்டு. டெக்சாஸுக்கு வந்தும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் பெரிய வீடு வாங்கி, வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

எங்கள் பெண்ணிடம் கேட்டபோது அவள் ஒளிந்துகொள்ளவில்லை. "சரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய், ஷூவை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

தொண்ணூற்றாறில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ஒரு எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். நான் ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஏன் என்று கேட்க ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள், நீங்களும் கேட்க வேண்டாம். திண்டுக்கல் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் கேட்டது கைக்குழந்தை. ஆறு வயதுப் பெண்தான் இருக்கிறாள் என்றார்கள். போய்ப் பார்த்தோம். மஞ்சள் கவுன், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, முகம் முழுக்கப் பவுடர். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "குட் மார்னிங் அங்கிள், குட் மார்னிங் ஆன்ட்டி" என்றாள். அப்போது சாயங்காலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

சட்டம் அவ்வளவு சீக்கிரம் முடிவாகவில்லை. அந்த நாளில் கிறிஸ்தவர்கள் இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்க முடியாது. கோர்ட்டில் கார்டியன் என்று மட்டும் உத்தரவு கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு இந்து எடுத்தால் மகள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நான் எடுத்தால் வெறும் கார்டியன். இது என்ன நியாயம் என்று வக்கீலிடம் சண்டை போட்டேன். "சட்டத்தை நான் எழுதலையேம்மா" என்றார். அந்த உத்தரவை வைத்து விசா வாங்கி அவளை இங்கே அழைத்து வந்தோம். ஆறு மாதம் எங்களோடு இருக்க வேண்டும். சோஷியல் ஒர்க்கர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுப்பார். அது சரியாக இருந்தால் டெக்சாஸ் ஜட்ஜ் இவள் உங்கள் மகள் என்று சொல்வார். சரியாக இல்லையென்றால்? இந்தக் கேள்விக்கு எவரும் எனக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. இங்கத்திய வக்கீல், அதை இப்போது ஏன் பேச வேண்டும் என்றார். நான் வேறு எதைப் பேசுவது?

வீட்டுக்கு வந்த பெண் ஒரு தொல்லையும் தரவில்லை. காலையில் நாங்கள் எழுவதற்கு முன்பே எழுந்து போர்வையை மடித்து வைத்துவிடுவாள். பாத்ரூம் போகக் கை தூக்கிக் கேட்பாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் "எது குடுத்தாலும் சிஸ்டர்" என்பாள். ஆமாம், என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்குச் சோறு போட்ட பெண்கள் எல்லோரும் சிஸ்டர்கள், அதனால் நானும் சிஸ்டர். திருச்சியில் வேலை பார்த்த காலத்தில் வார்டு முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டது. சொந்த வீட்டுச் சமையலறையிலும் அதையே கேட்டபோது, யாருக்கோ டிரிப் மாற்ற மறந்துவிட்டதுபோல் ஒரு பதற்றம் வரும்.

எங்கள் ஜெபக் கூட்டம் மாதம் ஒரு வீட்டில் நடக்கும். அவள் வந்த புதிதில் எங்கள் வீட்டில் நடந்தது. பாதிப் பேர் ஜெபிக்க வந்தார்கள், மீதிப் பேர் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒரு டாக்டரம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஏம்மா, பிள்ளை எந்த ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் ஜெபமாலை சொல்லி முடித்திருந்தோம்.

"மனுச ஆளுங்கதான்க்கா" என்றேன்.

"கோவிச்சுக்காதம்மா. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்ல, அதுக்குக் கேட்டேன்."

"அவளுக்கு ஆறு வயசுக்கா."

அவர் ஹாலுக்குப் போனார். பெண் எல்லோருக்கும் டிஷ்யூ பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக் கொடுத்தாள். "அடடா, எம்புட்டுச் சமத்து! எங்க வீட்டுல ரெண்டு கழுதைங்க இருக்கே, ஒரு டம்ளர எடுத்து வைக்காதுங்க. எங்க வீட்டுக்கு வந்துடறியாடி தங்கம்?" என்று டாக்டரம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் "சரி ஆன்ட்டி"யும் ஷூவும்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இப்பவே கிளம்பிட்டா பாரு!" "டாக்டரம்மா வீட்டுல பெரிய டிவி இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க!" என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் போய் அவள் ஷூவைக் கழற்றினேன். வேகமாக இழுத்துவிட்டேன்போல. "ஸாரி சிஸ்டர்" என்றாள். எதற்கு ஸாரி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் சோஷியல் ஒர்க்கர் வருவதாக போன் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டதும் மெட்ராஸ் விசா ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாருக்கும் வெள்ளைக்காரர் கேள்வி கேட்கிறார் என்றால் அது இன்டர்வியூதான். இன்டர்வியூ என்றால் கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே மனப்பாடம் பண்ண வேண்டும். அவர் விசாவுக்குப் போகுமுன் எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தவர். இப்போது அதையே பிள்ளைக்கு ஆரம்பித்தார்.

"ஹூ இஸ் திஸ்?" என்று என்னைக் காட்டிக் கேட்பார்.

"மை மம்மி."

"வேர் டூ யூ ஸ்லீப்?"

"இன் மை ரூம். இன் மை பிங்க் பெட்."

உண்மையில் அவள் அந்தப் பிங்க் கட்டிலுக்குக் கீழே தரையில்தான் படுத்தாள். நான் அவளை எங்களோடு படுக்க வைக்கலாம் என்றேன். நம் ஊரில் எந்தப் பிள்ளை ஆறு வயதில் தனியாகப் படுக்கிறது? "ஐயோ, அமெரிக்கன்ஸ்கிட்ட அத மட்டும் சொல்லாத. தப்பா நெனப்பாங்க" என்றார். கையால் ஊட்டக் கூடாது, தப்பாக நினைப்பார்கள். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கக் கூடாது, வாசனை வரும், தப்பாக நினைப்பார்கள். என்ன நினைப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க" என்றார். எல்லாரும் என்றால் யார்? அவரோடு வேலை பார்த்த இன்னொரு தமிழ் இன்ஜினியர். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சோஷியல் ஒர்க்கர் வர வேண்டிய அன்று காலை அவளைக் குளிப்பாட்டி, ஹில்க்ராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய புது கவுனைப் போட்டு, பவுடர் பூசினேன். யாராவது வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குப் பவுடர் பூசுவோம், இதிலென்ன இருக்கிறது? அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நன்றாகப் பழகியவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோஷியல் ஒர்க்கர் ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. தட்டையான செருப்பு, பெரிய தோள்பை. மணி அடித்ததும் பெண் வாசலுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "குட் மார்னிங் மேடம்." இந்த முறை நிஜமாகவே காலை. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். மை மம்மி, மை டாடி, மை பிங்க் பெட். யாரும் கேட்காமலேயே, தலையில் கை வைத்து, இடுப்பில் கை வைத்து, வெல்கம் வெல்கம் என்று ஒரு பாட்டும் பாடினாள். அந்தப் பாட்டை நாங்கள் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பையிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், நீங்கள் இவளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்டார். இங்கிலீஷ் என்றார் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு. ஏன், உங்களுக்கு அவள் மொழி தெரியுமே, பிறகு ஏன் என்றார் அந்த அம்மாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வி எங்கள் பயிற்சியில் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவரை வழியனுப்ப வெளியே வந்தோம். பெண் எங்களுக்கு முன்னால் போயிருந்தாள். ஷூவை மாட்டிக்கொண்டு, இரண்டு கவுனும் சீப்பும் வைத்த பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாளின் கார் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்த அம்மாள் நின்றுவிட்டார். இவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார்.

"ஷி லைக்ஸ் கார்ஸ்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பிள்ளையிடம் தமிழில், "இங்க எதுக்கு நிக்கிற?" என்றேன்.

"இந்த மேடத்தோட போறதுக்கு சிஸ்டர்."

"யாரு உன்னைப் போகச் சொன்னா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். நான் ஏதோ தெரிந்தே கேட்பதுபோல. "குளிச்சு பவுடர் போட்டா போறதுதானே? பாட்டும் பாடிட்டேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தப்ப பவுடர் போட்டாங்க, என்னை எடுக்கல. அப்புறம் நீங்க எடுத்தீங்க. இப்ப இவங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். அந்த இல்லத்துச் சிஸ்டர்கள்மேல் வந்தது, டாக்டரம்மாமேல் வந்தது, ஷி லைக்ஸ் கார்ஸ் என்றவர்மேல் வந்தது, என்னை விட்டுப் போக இவ்வளவு சீக்கிரம் பையைக் கட்டிய அந்தப் பிள்ளைமேலும் வந்தது. "நீ எங்கயும் போகப் போறதில்ல! உள்ள போ!" என்று கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெண் அழவில்லை. பையோடு உள்ளே போனாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். நான் சொல்லிவிட்டேன். பவுடர், பாட்டு, எடுப்பது, எல்லாம். சொன்னால் ரிப்போர்ட் கெட்டுப்போகும் என்று தெரியாமலா? ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். இன்னும் சில தடவை வர வேண்டியிருக்கும், கோர்ட் தேதி தள்ளிப் போகும் என்றார். போய்விட்டார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"முடிஞ்சுது. நீயே பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

"கிளிப்பிள்ளை மாதிரிப் பேச வச்சது யாரு?"

"பவுடர் பூசினது யாரு?"

இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த தடவைக்கு நான் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவு எடுத்தேன். வீட்டைக் கூட்டவில்லை. அவள் தலையில் நல்லெண்ணெய் வைத்தேன். பழைய பாவாடையோடு ஹாலில் தரையில் உட்கார வைத்துத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். "மேடம் வர்றாங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். வருகிறார்கள் என்றேன். "பவுடர்?" என்றாள். வேண்டாம் என்றேன். மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம்.

வீடு முழுக்கத் தேடினோம். கராஜுக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின் வைத்திருந்த சின்ன அறையில், துணி உலர்த்தும் டிரையருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வா என்றதற்கு, "பவுடர் போடலைன்னா பின்னாடிதான் இருக்கணும். முன்னாடி வந்தா சிஸ்டர் திட்டுவாங்க" என்றாள். எந்த சிஸ்டர்? அந்த இல்லத்து சிஸ்டரா, நானா? சொறி வந்த பிள்ளைகளும் மொட்டை போட்ட பிள்ளைகளும் விருந்தாளி போகும்வரை கிணற்றடியில் இருக்க வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத்தான் தெரிந்தது.

பவுடர் பூசினாலும் தப்பு, பூசாவிட்டாலும் தப்பு. நான் என்னதான் செய்வது?

சோஷியல் ஒர்க்கர் என்னைக் கேட்காமல் அந்த அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. டிரையரைத் திறந்து துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ரொம்ப மோசமாக மடித்தார். பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் மடித்ததைப் பிரித்து, மூலை மூலையாகச் சேர்த்து, திரும்ப மடித்தாள். அந்த அம்மாள் இன்னொன்றை மடித்தார். இவள் அதையும் பிரித்தாள். "இப்பிடி இல்ல" என்றாள் தமிழில். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இல்லை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். அதுவும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த அம்மாள் போகும்போது எனக்குக் கை கொடுத்தார். தலைக்கு என்ன எண்ணெய் என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றேன். என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகும் வந்தார், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் துண்டு மடித்தார்கள். ஒரு நாள் கோர்ட் தேதி சொன்னார்கள்.

கோர்ட்டுக்குப் போகும் காலையில் திரும்பவும் அதே பிரச்சினை. ஜட்ஜ் முன்னால் பிள்ளையை எப்படிக் கொண்டு நிறுத்துவது? என் வீட்டுக்காரர் கோட்டும் டையுமாக நின்றார். "புது கவுன் போடு. ஜட்ஜ்னா சும்மாவா?" கவுனைக் கையில் எடுத்ததும் அவள் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கவுனை வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன். கடைசியில் நானும் என் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு அவளுக்கும் பூசினேன். அவருக்கும் பூச வேண்டும் என்றாள். "என்ன கூத்து இது, டைம் ஆச்சு" என்று கத்திக்கொண்டே அவர் குனிந்தார். மூன்று பேரும் வெள்ளை முகத்தோடு கோர்ட்டுக்குப் போனோம்.

ஜட்ஜின் கறுப்பு அங்கியைப் பார்த்ததும் அவள் கைகூப்பி, "ஸ்தோத்திரம் சாமி" என்றாள். எங்கள் ஊரில் சர்ச்சில் அங்கி போட்ட பங்குச்சாமியைப் பார்த்தால் அப்படித்தான் சொல்வோம். ஜட்ஜ் என்ன என்று கேட்டார். குட் மார்னிங் என்று அர்த்தம் என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அந்தப் பொய்க்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்களைச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினோம். சோஷியல் ஒர்க்கர் எழுந்து ஒரே வரி பேசினார், இந்தப் பிள்ளை இவர்களோடு இருக்க வேண்டும் என்று. ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சிஸ்டர் என்று கூப்பிடுகிற மகளோடு வெளியே வந்தேன்.

அந்த மாதம் ஜெபக் கூட்டம் டாக்டரம்மா வீட்டில். கேக் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள். பெண் வழக்கம்போல டிஷ்யூ பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னடி தங்கம், அன்னைக்குக் கிளம்பி நின்னியே, இப்ப எங்க வீட்டுலயே இருந்துடறியா?" என்றார்.

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள், அங்கேதான் ஷூ கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.  

"முடியாது ஆன்ட்டி" என்றாள். "ஜட்ஜ் சாமி கையெழுத்துப் போட்டுட்டாரு."

வீடே சிரித்தது. "பாத்தியா, லாயர் மாதிரிப் பேசுறா!" என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா, "இனி உனக்கு என்னம்மா கவலை?" என்று என் முதுகில் தட்டினார்.

கவலை இருந்தது. கையெழுத்துப் போட்டதால் இருக்கிறாளா, இருக்க வேண்டும் என்று இருக்கிறாளா? போகும்போது காரில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கேட்டால் "எது சொன்னாலும் சிஸ்டர்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. டிஷ்யூ பேப்பரை முடித்துவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தட்டிலிருந்த கேக்கை, என்னைக் கேட்காமல், கையாலேயே எடுத்துத் தின்றாள். க்ரீமை என் சேலையில் துடைத்தாள். அந்தச் சேலை புதுசு. திட்டலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் இன்னொரு துண்டையும் எடுத்துவிட்டாள்.